கோமதியோடு யார் இருப்பது

பிள்ளைகளா, என் மகள் ஜெனிதா உங்களோடு ஒரே நாளில் இந்த வேலையில் சேர்ந்தவள். அந்த ஒரு காரணத்தை வைத்து உங்கள் எல்லாரையும் பிள்ளைகள் என்று கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "அப்பா, ரிட்டயர் ஆயிட்டு சும்மாதானே உக்காந்துக்கினு இருக்கீங்க, எங்க பேட்ச்சுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க" என்று அவள்தான் கேட்டாள். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் அவள் திருத்திவிடுவாள். விஷயத்தில் பிழை இருந்தால் அது என்னுடையது.

மனநல வார்டில் வேலை செய்கிறவனுக்குப் பொறுமை வேண்டும், இரக்கம் வேண்டும், வாயைவிடக் காது பெரிதாக வேண்டும் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இந்த வேலையில் பொறாமை வரும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. அது வந்தபோது நெஞ்செரிச்சல் என்று நினைத்து நான் மாத்திரை போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வேலூரைத் தாண்டி ஆம்பூர் ரோட்டில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி அது. நோயாளியை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். ஒரு சின்ன அறை, இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ் வைக்க மேடை. வீட்டு ஆள் கிளம்பினால் நோயாளியும் கிளம்ப வேண்டியதுதான். நல்ல வழக்கம். சங்கிலி போட்ட காலத்தை நினைத்தால் ரொம்ப நல்ல வழக்கம். ஆனால் அந்த வீட்டு ஆள் இருக்கிறாரே, அவர்தான் எங்களுக்கு இரண்டாவது நோயாளி. இரண்டு நாளில் அவருக்குத் தூக்கம் போகும், மூன்றாம் நாள் கோபம் வரும், அடுத்து பையைக் கட்டுவார்.

வார்டு உதவியாளனாக நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, அந்தப் பையை அவிழ்க்க வைப்பது. அரக்கோணத்திலிருந்து ரயில்வேக்காரர் ஒருவர் மகனோடு வந்தார். மகன் அமைதியாகத்தான் இருந்தான். அப்பாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "நான் இன்னாத்துக்குய்யா இங்க? நோட்டம் பாக்கவா?" என்று வராந்தாவில் கத்துவார். ஒரு நாள் சமையற்கட்டுக் குழாய் ஒழுகியது. ஆளைக் கூப்பிடாமல் ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒழுகாத குழாயையும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மகன் தேறும்வரை நகரவில்லை. சும்மா உட்கார வைத்தால் எந்த மனுஷனும் ஓடிவிடுவான், அவனுக்கு ஒரு வேலை கொடு. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. டாக்டர்களே, "வீட்டு ஆள் பை கட்டறாரா? தேவராஜைக் கூப்பிடு" என்பார்கள். அந்த ஒரு கூப்பிடலுக்காகத்தான் நான் இத்தனை காலம் வேலைக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்போதுதான் ஷமீம் வந்தாள்.

ஆஸ்பத்திரியில் புதுத் திட்டம் ஒன்று தொடங்கியிருந்தார்கள். நோயாளிகள் ஏன் பாதியில் போய்விடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்வது, அதில் தெரிய வருவதைப் புதியவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுப்பது, இரண்டிலும் நோயை அனுபவித்துத் தேறியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது. அந்த மூன்றாவது விஷயத்துக்காக வந்தவள் ஷமீம். ஆம்பூர்க்காரி. ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துக்கொண்டிருந்தவள். ஷூவின் மேல்பாகத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் வார்டிலேயே படுத்திருந்தவள். அவள் சாப்பிட மறுத்தபோது தட்டை ஏந்திக்கொண்டு நின்றவன் நான்.

அவள் திரும்பி வந்தபோது டாக்டர்களுக்குப் போலவே நீலப் பட்டையில் அடையாள அட்டை தொங்கியது. எனக்குப் பழுப்புப் பட்டை. திங்கட்கிழமை கூட்டத்தில் பெரிய டாக்டரம்மா பக்கத்து நாற்காலியைத் தட்டி, "ஷமீம், இங்க வாங்க" என்றார். நான் வழக்கம்போல் கதவோரம் நின்றேன். யாரும் என்னை நிற்கச் சொன்னதில்லை என்பதும் உண்மை. உட்காரச் சொன்னதில்லை என்பதும் உண்மை.

அவள் பேசினால் எல்லாரும் எழுதிக்கொள்வார்கள். நான் பல வருஷமாகச் சொன்னதையே அவள் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். "நைட்டு மாத்திரை குடுக்கறப்போ லைட்டை பட்டுன்னு போடாதீங்க மேடம், பயமா இருக்கும்" என்றாள் ஒரு நாள். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அன்றைக்கே சுற்றறிக்கை வந்துவிட்டது.

பயிற்சி வகுப்பில் ஒரு நாள் தண்ணீர் கேன் வைக்கப் போனேன். ஷமீம் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். ஜெனிதா அப்போது பயிற்சி மாணவி; முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஊசி போடறவங்களைப் பாத்தாக்கூட பயமில்ல" என்றாள் ஷமீம். "ஊசிக்கு முன்னாடி ஒருத்தர் சிரிச்சிக்கினே வருவாரு பாருங்க, அவரைப் பாத்தாதான் பயம். வாசல்ல அந்தச் சிரிப்பு தெரிஞ்சாலே, போச்சுடா, பின்னாடி ட்ரே வருதுன்னு அர்த்தம்." சொல்லிவிட்டு, தோளைக் கொஞ்சம் சாய்த்து, பல்லைக் காட்டி நடந்து காட்டினாள். வகுப்பே சிரித்தது. அந்த நடை என்னுடைய நடை. ஜெனிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகுதான் கேனோடு நிற்கும் என்னைப் பார்த்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவளே பேச்சை எடுத்தாள். "அப்பா, அவங்க உங்களைக் கேலி பண்ணல. நோயாளி கண்ணுல எப்படித் தெரியும்னு சொன்னாங்க."

"தெரியட்டுமே."

"எவ்ளோ கரெக்டா சொல்றாங்கப்பா! நாங்க ஒரு வருஷம் படிச்சது அவங்க ஒரு மணி நேரத்துல சொல்லிட்டாங்க."

"நான் சொல்லலையா உனக்கு? சின்ன வயசுல இருந்து சொல்லிக்கினுதானே இருக்கேன்?"

என் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஏண்டி, அவருக்கு வயிறு எரியுது, நீ வேற மேல மேல ஊத்திக்கினு. மோரைக் குடு முதல்ல" என்றாள்.

நெஞ்செரிச்சல் இல்லை, இது வேறு என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். வெளி ஆள் யாராவது என்னைவிடத் திறமையாக இருந்தால் பரவாயில்லை. டாக்டர்கள் படித்தவர்கள், அவர்களைப் பார்த்து எனக்கு எரிந்ததே இல்லை. இவள் என் வார்டில், என் கண் முன்னால், வாய் பேசாமல் படுத்திருந்தவள். அவளிடம் இருப்பது எனக்கு எந்தப் படிப்பிலும் கிடைக்காது, எத்தனை வருஷம் வேலை செய்தாலும் கிடைக்காது. அதுதான் தாங்கவில்லை.

இப்போது கோமதி விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கோமதி ஆம்பூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். ஷமீம் வேலை செய்த மாதிரியே வேறொரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள். அம்மா இறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்து, சாப்பாடு குறைந்து, ஒரு நாள் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் சேகர் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்பவன். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தோல் வாடை போகாது என்று கூச்சப்பட்டு, டாக்டர் அறையில்கூடக் கதவுப் பக்கமே நிற்பான். நல்ல பையன். கட்டினவள் கைக்குழந்தைக்காரி, அதனால் தங்கைக்குத் துணையாக அவனேதான் தங்கினான்.

கோமதி யாரிடமும் பேசவில்லை. டாக்டரம்மாவிடம் மட்டும் ஒரு தடவை, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தாள். அதனால் அவளைத் தனியாக விடக்கூடாது என்பது எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. மருந்து பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை கட்டாயம் இங்கேதான் இருக்க வேண்டும் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். குளிக்க மாட்டாள், துணி மாற்ற மாட்டாள். கேஸ் ஷீட்டில் அதையும் நோயின் கணக்கில் எழுதியிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த நோயில் அப்படி வரும், நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மதியம் சேகர் பையைக் கட்டிவிட்டான்.

நான் போனபோது கோமதி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் ஸ்டவ்வைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னா சேகரு, எங்க கிளம்பிட்ட?"

"ஊட்டுக்குத்தான் ணா. மேஸ்திரி போன் பண்ணிட்டாரு. ஷிப்மெண்ட் இருக்குது, நாளைக்கு வரலன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்னு சொல்றாரு. நான் போயே ஆவணும்."

"தங்கச்சி?"

"ஊட்ல இருக்கட்டும். மாத்திரை குடுங்க, குடுத்துக்கறோம்."

"பகல்ல ஊட்ல யாரு இருப்பா?"

அவன் ஸ்டவ்வை இன்னும் இறுக்கிக் கட்டினான். மனைவி குழந்தையோடு தாய் வீட்டில் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். பகல் முழுக்க அந்த வீட்டில் கோமதி மட்டும்தான் இருப்பாள்.

என் வித்தை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அரக்கோணத்து ரயில்வேக்காரர் கதையைச் சொன்னேன். சிரித்தான், ஆனால் பையை விடவில்லை. மேஸ்திரியோடு நானே பேசட்டுமா என்றேன். "அய்யோ வாணாம் ணா, அவருகிட்ட ஜாண்டிஸுன்னு சொல்லி வச்சிருக்கேன். கம்பெனியிலயும் அதான் சொன்னோம். மெண்டல் ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சா நாளைக்கு இவளை யாரு கட்டுவா?" என்றான். இருப்புக் கொள்ளாத மனுஷனுக்கு வேலை கொடுத்து உட்கார வைக்க எனக்குத் தெரியும். வேலைக்கு ஓட வேண்டியவனை எப்படி உட்கார வைப்பது?

வார்டு சிஸ்டர் அறைக்கு வெளியே என்னை இழுத்தார். "தேவராஜ் அண்ணா, ஷமீமைக் கூப்பிடுங்களேன். ரெண்டு பேரும் ஒரே ஊர்ப் பக்கம், ஒரே வேலை. கேப்பான்."

"நானே பாத்துக்கறேன் சிஸ்டர்."

"ஆட்டோ வந்து நிக்குது ணா."

"பாத்துக்கறேன்னு சொல்றேன் இல்ல."

பிள்ளைகளா, அந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். உள்ளே ஒரு பெண் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளியே ஆட்டோ நிற்கிறது. நான் யோசித்தது என்ன தெரியுமா? ஷமீம் வந்து அவனை நிறுத்திவிட்டால், திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் எதை எழுதிக்கொள்வார்கள் என்று. இந்த எரிச்சல் வரும்போது நமக்கு அது எரிச்சல் மாதிரியே தெரியாது. அக்கறை மாதிரி தெரியும். 'புதுப் பெண், அவளுக்கு எதற்குச் சிரமம்' என்று கூட எனக்குத் தோன்றியது!

சேகர் பையைத் தோளில் மாட்டினான். "எழுந்திரு கோமு" என்றான். அவள் எழுந்தாள். சொன்னதும் எழுந்துவிட்டாள், மறுப்பே இல்லை. போகப் பிடிக்காதவள் அடம்பிடிப்பாள், பிடித்தவள் செருப்பைத் தேடுவாள். இவள் செருப்பே போடாமல் நடந்தாள்.

"ஆட்டோவைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு பயிற்சிக் கூடத்துக்கு ஓடினேன்.

ஷமீம் கூடத்துக்குள் இல்லை. பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் தனியாக நின்றிருந்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியூரிலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழுவுக்கு அப்போதுதான் தன் கதையைச் சொல்லி முடித்திருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னிக்கு என்னால முடியாது ணா" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்தது. உன்னாலும் முடியாதா, அப்படி வா வழிக்கு என்ற சந்தோஷம்.

"சொல்லி முடிச்சா கை தட்றாங்க ணா" என்றாள். "அவங்க டீ குடிக்கப் போயிடுவாங்க. நான் மட்டும், அப்போ படுத்திருந்த அந்த ரூமுக்குள்ளயே கொஞ்ச நேரம் இருப்பேன். ஒவ்வொரு வாட்டியும் உள்ள போயிட்டுத்தான் வெளிய வரணும். இன்னிக்கு இன்னும் வெளிய வரல."

அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. நான் இத்தனை நாளும் பொறாமைப்பட்டது நீலப் பட்டையைப் பார்த்தோ நாற்காலியைப் பார்த்தோ இல்லை. ஒரு நோயைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். எனக்கு அது வரவில்லையே என்று ஏங்கியிருக்கிறேன். என்னைப்போல் ஒரு கூறுகெட்டவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"சரிம்மா, நீ இரு. நான் பாக்கறேன்" என்று திரும்பினேன்.

"அண்ணா, அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?"

"அது இன்னா சொல்லும்? பேசறதே இல்ல."

"கேட்டீங்களா?"

"எதை?"

"கூட யாரு இருக்கணும்னு. என்னையும் யாரும் கேக்கல ணா. எங்க மாமியார் இருந்தாங்க. நல்லவங்கதான், எனக்காக ராத்திரியெல்லாம் முழிச்சாங்க. ஆனா அவங்க முன்னாடி என்னால அழ முடியாது. ஊட்டுக்குப் போயி சொல்லிடுவாங்களோன்னு." என் பக்கம் திரும்பினாள். "இந்தப் பொண்ணுக்கு அண்ணன்தானே கூட இருக்காரு? அது எப்படி குளிக்கும்? துணி மாத்தும்?"

"குளிக்கறதே இல்லம்மா. நோயில அப்படித்தான்..."

"நோயா ணா அது?" என்றாள். "மாசாமாசம் வர்றது வந்தா, யாருகிட்ட கேக்கும்? அண்ணன்கிட்டயா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டில் பெண்பிள்ளை வைத்திருக்கிறவன் நான். எத்தனை பேர் அந்த அறைக்குள் போய் வந்தோம்! டாக்டர், சிஸ்டர், நான். நோய் என்று ஒரு வார்த்தை கிடைத்ததும் எல்லாரும் அதற்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டோம். இது நம் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யும் தப்பு. கோமதி பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் என் மனைவி ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பாள்.

ஓடி வந்தேன். கோமதி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சேகரை ஆட்டோக்காரரிடம் பேசச் சொல்லி அனுப்பினேன். சிஸ்டரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, பெஞ்சுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். சிரிப்பு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"கோமதிம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இங்க உன்கூட யாரு இருந்தா உனக்கு நல்லா இருக்கும்?"

ஆட்டோ ஹாரன் அடித்தது. சிஸ்டர் வாயைத் திறக்கப் போனார். நான் கையைக் காட்டித் தடுத்தேன். மறுபடி ஹாரன். அந்த நேரத்தில் பேசாமல் இருப்பதுதான் என் வேலையிலேயே ரொம்பக் கஷ்டமான வேலை.

"கலா" என்றாள்.

"யாரும்மா கலா?"

"பக்கத்து மிஷினு."

சேகர் அதைக் கேட்டுக்கொண்டே வந்தான். "கலாவா? அவ இன்னா சொந்தமா பந்தமா? லைன்ல வேலை செய்யற பொண்ணு. அவளுக்குத் தெரிஞ்சா கம்பெனிக்கே தெரிஞ்ச மாதிரி."

சிஸ்டரும், "ரூல்ல வீட்டு ஆள்தானே ணா? வெளி ஆளை எப்படி விடறது?" என்றார்.

அப்போது ஷமீம் வந்து நின்றாள். முகம் கழுவியிருந்தாள். துப்பட்டா நுனி இன்னும் விரலில் சுற்றியே இருந்தது. "டாக்டரம்மாகிட்ட நான் கேக்கறேன் ணா. நீங்க அண்ணனைப் பாத்துக்கங்க" என்றாள்.

அவளுக்கு நாற்காலி இருக்கிறது, எனக்கு வராந்தா இருக்கிறது. அன்றைக்கு இரண்டும் தேவைப்பட்டன. அவள் மாடிக்குப் போனாள். நான் சேகரைப் படிக்கட்டில் உட்கார வைத்தேன்.

"சேகரு, உன்னை இருன்னு சொல்லல. நீ போ. மேஸ்திரியைப் பாரு. உன்னால முடிஞ்சதை நீ பண்ணிட்ட. ஆனா ஒண்ணு சொல்லு, கோமதி குளிக்காதது உனக்குத் தெரியும் இல்ல?"

அவன் தலையைக் குனிந்தான். "தெரியும் ணா. நான் எப்படிக் கேக்கறது? கதவுக்கு வெளிய போயி நின்னுக்குவேன். அது நான் நிக்கறேன்னு குளிக்காது. நான் போயிட்டா தனியா விடக்கூடாதுன்னு நீங்க திட்டுவீங்க." சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எங்கம்மா இருந்திருந்தா இந்த பேஜாரே இல்ல."

ஷமீம் மேலிருந்து வந்தாள். டாக்டரம்மா சம்மதித்துவிட்டார், இதைத்தானே நம் ஆராய்ச்சியே கேட்கிறது, இதற்குப் போய் ரூல் பார்ப்பதா என்றாராம். ஆனால் அண்ணனும் ஒப்புக்கொள்ள வேண்டும், கலாவும் வர வேண்டும், அவள் வந்து சேரும்வரை சேகர் நகரக்கூடாது.

சேகர் ரொம்ப நேரம் ஆட்டோவையே பார்த்தான். பிறகு பையிலிருந்து கோமதியின் போனை எடுத்தான். லைனில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், லாக்கரில்தான் இருக்கும்; டீ இடைவேளை வரை அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள். அவன் ஸ்பீக்கரில் போட்டான், தனியாகப் பேச அவனுக்குத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

"கலா, நான் கோமதி அண்ணன் பேசறேன்... கோமுக்கு ஜாண்டிஸ் இல்ல..."

"தெரியும் ணா" என்றது அந்தக் குரல். பின்னால் ஒரே பெண்கள் சத்தம். "லைனுக்கே தெரியும். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லாம மூடி மூடி வச்சீங்க, அதான் யாரும் வரல. இப்போ எங்க வரணும், அதைச் சொல்லுங்க."

சேகர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். வழியை நான்தான் சொன்னேன்.

இருட்டுவதற்கு முன்பே கலா வந்துவிட்டாள். குட்டையாக, வாய் ஓயாத பெண். கையில் இரண்டு நைட்டி, ஒரு சோப்பு டப்பா, தேவையான மற்றதெல்லாம் ஒரு கருப்புப் பையில். கோமதியைப் பார்த்ததும், "ஐயே, இன்னாடி இது தலை? குருவி கூடு கட்டிடும் போலக்குதே" என்றாள். இத்தனை பயிற்சி எடுத்த எங்களில் யாரும் அப்படிப் பேசத் துணிந்திருக்க மாட்டோம். கோமதி அவள் தோளில் முகத்தை வைத்தாள். மறுநாள் காலை குளித்த தலையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அது பொய். மருந்து பிடிக்க வேண்டிய நாள் பிடித்தது. நடுவில் ஒரு வாரம் மோசமாகவும் போனது. கலாவுக்கு லீவு முடிந்ததும் அதே லைனிலிருந்து இன்னொரு பெண் வந்தாள், பிறகு மறுபடியும் கலா. சேகர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கதவோரம் நிற்பான். ஆனால் யாரும் பை கட்டவில்லை. இப்போது நம் ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்க்கும்போதே, கூட யார் இருக்க வேண்டும் என்று அவரையே கேட்கிறீர்களே, அது அப்படி வந்ததுதான். பயிற்சி வகுப்பில் அதை ஷமீம் கொண்டுவந்த முறை என்று சொல்லித்தருகிறார்கள். சொல்லட்டும். தரையில் உட்கார்ந்து கேட்டவன் யார் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். எரிகிறதா என்றால், எரியத்தான் செய்கிறது. போய்விட்டது என்று உங்களிடம் நடிக்க மாட்டேன். அது வரும், வரட்டும். ஆனால் ஆட்டோ வாசலில் நிற்கும்போது அதற்கு ஓட்டுநர் சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கோமதி வீட்டுக்குக் கிளம்பிய காலை, நான் வேலை ஒன்றும் இல்லாமலே வாசல் பக்கம் நின்றேன். ஷமீமும் ஏதோ கோப்பைத் தேடுகிற மாதிரி அங்கேயே நின்றாள். இரண்டு பேரும் எதற்கு நிற்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கோமதி வந்து ஒரு வார்த்தை சொல்லுவாள். யாரிடம் சொல்லுவாள் என்பதுதான் கேள்வி.

கோமதியும் கலாவும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். "என் மிஷினை யாருக்குடி குடுத்தாரு சூப்பர்வைசரு?" என்று கேட்டாள் கோமதி.

"அந்த வாணியம்பாடிக்காரிக்கு."

"அவளுக்கா! ஊசியை உடைச்சே வச்சிருப்பாளே!"

பேசிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டைக் கடந்தார்கள், ஆம்பூர் பஸ் வந்தது, ஏறிவிட்டார்கள்.



"இன்னா ணா இது" என்றாள் ஷமீம். "நம்ம ரெண்டு பேரும் ஆளுங்களாவே தெரியலயா அதுக்கு?"

"உனக்கும் எரியுதா?"

"ஜாஸ்தியாவே எரியுது ணா. அந்தக் கலா இன்னா பெருசா பண்ணிட்டா? தலை வாரி விட்டா."

"அதானே!" என்றேன் நான். அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றது அப்போதுதான்.

அதற்குள் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பெரியவர் ஒருவரை இரண்டு மகன்கள் கைத்தாங்கலாக இறக்கினார்கள். கூட யார் தங்குவது என்று மகன்கள் அங்கேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடுவில் நின்றார். ஷமீம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் அந்தப் பெரியவரை நோக்கி வேகமாக நடந்தோம். எனக்கு வயசாகிவிட்டது, மூட்டு வலி வேறு. இருந்தாலும் நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன்.